வெல்டிங் பழக வெளிக்கிடுறன்: கடையா, பயிலுநர் ஒப்பந்தமா? இடம் திருகோணமலை

உவர்மலைப் பொடியன்
வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயசு. உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவில எடுத்தனான், பெறுபேறு கம்பஸுக்குக் காணாது. திருப்பி எடு எண்டு வீட்டில சொல்லினம், எனக்கு மனமில்லை. சின்னனில இருந்தே இரும்பு வேலை நடந்தா நிண்டு பாக்கிற ஆள் நான்.

மாமாவுக்குத் தெரிஞ்ச ஒரு கடை இருக்கு. கேற், கிறில், படிக் கைபிடி, தகரக் கொட்டகை எல்லாம் செய்யிறாங்க. பாஸ் திங்கள் வரச் சொல்லிட்டார். முதல் மூண்டு மாசம் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் மட்டும். மற்றப் பக்கம், நைட்டா எண்ட அரச பயிற்சி அதிகாரசபையில ஒப்பந்தம் போட்டுப் பயிலுநராச் சேர்ந்தா முடிவில என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சேர்டிபிகேற் கிடைக்கும் எண்டு சிநேகிதன் ஒருத்தன் சொல்றான். எந்தப் பக்கம் போறது?

அம்மாவுக்கு ஒரே பயம். "கண் போயிடும், நெஞ்சு போயிடும்" எண்டு ராவில நித்திரை கொள்றா இல்லை. அதுக்கும் ஆராவது பதில் சொல்லுங்கோ, வாசிச்சுக் காட்ட வேணும்.


சாம்பல்தீவான்
வெள்ளி, இரவு 9.40

கடைக்குப் போ தம்பி. பேப்பர் கேற் செய்யாது. நான் ஒரு சேர்டிபிகேற்றும் இல்லாமப் பதினஞ்சு வருசம் உழைச்சு வீடும் கட்டிட்டன்.


கிண்ணியா நானா
வெள்ளி, இரவு 11.05

சாம்பல்தீவார் சொல்றதில பாதி சரி. மத்தப் பாதிக்கு நான் விலை குடுத்தவன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன். பொறுத்துக்கங்க.

நான் 16 வயசில கடைக்குப் போனவன். அப்ப கிண்ணியாப் பாலம் இல்ல, பாதை என்ட கடவைப் படகில ஏறித்தான் டவுனுக்கு வரணும். அஞ்சு மாசம் ஹோல்டரை, அதான் றொட் என்ட ஒட்டுக் கம்பியைப் பிடிக்கிற கைபிடியை, தொட விடல்ல. துரு சுரண்டினன், பொக்ஸ் பார் வெட்டினன், பாஸ் ஒட்டினதுக்குப் பின்னால சிலாக் (ஒட்டுக்கு மேல படியிற கசடு) தட்டினன், கிரைண்டர் பிடிச்சன். வாப்பாக்கிட்ட வந்து அழுதிருக்கன், "கூலி வேலைக்கு அனுப்பிட்டீங்க" என்டு. இப்பதான் விளங்குது, அந்த அஞ்சு மாசத்திலதான் தொழிலே இருந்திருக்கு. வெட்டினது நேரா இல்லாட்டி ரெண்டு துண்டுக்கு நடுவில இடைவெளி வரும். அந்த இடைவெளியை றொட்டால நிரப்பப் போனா சூடு கூடி, சட்டம் முறுகும். அளவு பிழைச்சவன் எவ்வளவு வடிவா ஒட்டினாலும் கதவு பூட்டாது.

நாலடி ஆறடி கேற் சட்டம் ஒன்டைக் கிடத்தினா, மூலைக்கு மூலை 7 அடி 2½ அங்குலம் வரணும், ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைஞ்சா சட்டம் சாய்ஞ்சிட்டு என்டு அர்த்தம். இதை எனக்குப் பாஸ் ஒரு தும்புக் கயிறை வைச்சுக் காட்டித் தந்தார். எந்த வகுப்பிலயும் அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்க மாட்டாங்க. இது கடை தாற சொத்து.

இனி மத்தப் பாதி. பத்து வருசம் கேற்றும் கிறிலும் செஞ்சன். கையில நல்ல பேர். கட்டாருக்கு வெல்டர் எடுக்கிறாங்க என்டு போய், டெஸ்ட்டுக்கு நின்டன். ஒரு பைப்பை 45 பாகை சரிச்சு, அசையாமப் பூட்டி வைச்சிருந்தாங்க. 6ஜி என்டு சொல்றது அதைத்தான். பைப்பைத் திருப்ப ஏலாது, நாமதான் சுத்தி வரணும். கீழ ஒட்டுற மாதிரி, பக்கவாட்டில ஒட்டுற மாதிரி, தலைக்கு மேல ஒட்டுற மாதிரி எல்லாமே ஒரே பைப்பில வரும். ஒட்டி முடிச்சு நானே மெச்சிக்கிட்டன், மேல அவ்வளவு வடிவு. அவங்க அதைப் பட்டி பட்டியா வெட்டி, மெசினில வைச்சு வளைச்சாங்க. முதல் பட்டியே வாய் பிளந்திட்டு. உள்ளுக்க அடிவேர் உருகவே இல்ல.

அன்டைக்குத்தான் விளங்கிச்சு, பத்து வருசமா என்ட ஒட்டை ஒருத்தரும் வெட்டிப் பாக்கல்ல. நானும் பாக்கல்ல. கேற்றில ஒட்டின இடத்தைக் கிரைண்டரால மட்டமாக்கிப் பெயின்ற் அடிச்சிடுவம். அது உள்ளுக்க பிடிச்சிருக்கா, மேல மட்டும் படிஞ்சிருக்கா என்டு ஆருக்குத் தெரியும்? கேற் விழுந்து ஆளும் சாகாது. அதால பிழையோடயே பழகிப் போனன். பழகின கையைத் திருத்த, புதுசாப் பழகிறதை விடக் கூடக் காலம் எடுத்திச்சு.

மகன், கடைக்குப் போங்க, பிழை இல்ல. ஆனா உங்கட ஒட்டை வெட்டிப் பாத்துச் சொல்ற ஒரு ஆளோ இடமோ கட்டாயம் இருக்கணும்.


சாம்பல்தீவான்
சனி, காலை 6.30

நானா, என்ட ஒட்டையும் ஒருத்தரும் வெட்டிப் பாத்ததில்லைதான். அதை யோசிச்சுக்கொண்டுதான் படுத்தனான்.


கிழக்குப் போதனாசிரியர்
சனி, காலை 8.15

தம்பி கேட்ட கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. "கடையா, ஒப்பந்தமா" என்று பிரிக்கத் தேவையில்லை. நைட்டா என்பது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. 1971இல் பயிலுநர் சபையாகத் தொடங்கியது, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் அடிப்படையே வேலைத்தளத்தில் வைத்துப் பழக்குவதுதான். பயிலுநர், தொழில் தருபவர், அதிகாரசபை என்று மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் நிற்கும். எனவே உங்கள் மாமா சொன்ன அதே பாஸிடம், "இந்தக் கடையிலேயே என்னைப் பயிலுநராகப் பதிவீர்களா?" என்று கேட்கலாம். மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்பதையும் கேளுங்கள். சிலருக்குப் பதிவு என்றாலே வரிக்காரர் வருவார் என்ற பயம். மாவட்ட அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

என்.வி.கியூவில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். உங்கள் இலக்கு முதலில் 3, பிறகு 4. நாலாம் மட்டம் என்றால் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர் என்று பொருள். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்த நீங்கள் அதோடு நின்றுவிடாதீர்கள். 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நமக்கு எட்டாத தூரம் இல்லை. அங்கும் விசாரித்து வையுங்கள்.

சாம்பல்தீவாருக்கு ஒன்று: பதினைந்து வருடக் கை அனுபவத்துக்கே என்.வி.கியூ எடுக்கலாம். முன்னைய கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலைகளின் படம், கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். தயவுசெய்து எடுங்கள். உங்களைப் போன்றவர்கள் எடுக்காமல் விடுவதால்தான் நல்ல கைகளுக்குக் கடதாசியில் பெயர் இல்லாமல் போகிறது.


தாதி தி.மலை
சனி, மாலை 4.50

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுற பகுதியை நான் எழுதுறேன்.

அம்மா, கண் போயிடும் எண்ட பயம் நியாயமானது, ஆனா அது காக்கக்கூடியது. வெல்டிங் சுடரில வாறது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அது கருவிழியின் மேல்தோலைச் சுடும், வெயிலில முதுகு கருகிற மாதிரித்தான். அந்த நேரம் ஒண்டும் தெரியாது. ஆறு மணித்தியாலம், சில பேருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழிச்சு, நடுச்சாமத்தில கண்ணுக்குள்ள மண் அள்ளிப் போட்ட மாதிரி எரியும், தண்ணியா ஓடும், வெளிச்சம் பாக்கேலாது. வாட்டுக்கு அப்படி வந்த பொடியன்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கேன். அநேகமா ஒரு நாள், ரெண்டு நாளில மாறிடும். ஆனா வீட்டில உருளைக்கிழங்கு சீவி வைக்கிறது, தாய்ப்பால் விடுறது ரெண்டும் வேண்டாம், கிருமி தொத்தும். கண்ணை மூடிக் குளிர்ந்த ஈரத்துணி வைச்சு, வெளிநோயாளர் பிரிவுக்கு வாங்க. விறைக்கப் பண்ற கண் சொட்டு மருந்தை ஆரும் குடுத்தாலும் வீட்டில வைச்சு விட வேண்டாம். நோ தெரியாமப் போய்ப் புண் பெருக்கும்.

தம்பி, ஆர்க் வேலைக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி வேணும். கூலிங் கிளாஸ் காணாது. இன்னொண்டு, அநேகமாக் கண் சுடுறது ஒட்டுறவருக்கு இல்லை, பக்கத்தில துண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற உங்களைப் போல புதுப் பொடியனுக்கு. உங்களுக்கும் தனியா ஒரு முகமூடி கேளுங்க. "கண்ணை மூடிக்கோ" எண்டு சொல்ற கடை எண்டா அங்க நிக்க வேண்டாம்.

நெஞ்சு விசயம். நாகம் (துத்தநாகம்) பூசின ஜி.ஐ. பைப்பை அப்படியே ஒட்டாதீங்க. நாகம் 907 பாகையில கொதிச்சு ஆவியாகும், இரும்பு உருகிறதுக்கு 1500 பாகைக்குக் கிட்ட வேணும். அப்ப இரும்பு உருக முதலே நாகம் வெள்ளைப் புகையா நெஞ்சுக்குள்ள போயிடும். அண்டு ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பு உளைவு, வாயில இரும்பு ருசி. பால் குடிச்சா முறியும் எண்டு கடையில சொல்லுவாங்க, அது சரியில்லை. ஒட்டுற இடத்தில நாகத்தைக் கிரைண்டரால எடுத்துட்டு, புகை உங்கட முகத்தை விட்டு விலகிப் போற மாதிரி நிண்டு ஒட்டுங்க. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் எண்டு 2017இல உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கு. பயப்படுத்த இதைச் சொல்லேல்லை. 19 வயசில பழகிற பழக்கம்தான் 50 வயசில நெஞ்சில இருக்கும்.


உவர்மலைப் பொடியன்
சனி, இரவு 8.20

அக்கா, அம்மா ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவ. முகமூடி தான் வாங்கித் தாறாவாம். கோடி நன்றி.


கொட்பே இயந்திரன்
சனி, இரவு 10.02

மூண்டு விசயம் மட்டும். றோலர் (மீன்பிடிப் படகு) காரர் டீசல் டாங்க் கொண்டு வந்து "காலி டாங்க்தான் தம்பி, ஒரு ஓட்டை, ஒட்டித் தா" எண்டு கேப்பாங்க. நிறைஞ்ச டாங்கை விடக் காலி டாங்க்தான் மோசம். உள்ளுக்க ஆவி நிண்டா வெடி மாதிரித்தான். பெரல் கூட அப்படித்தான். நல்லாக் கழுவி, ஒட்டுற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நிரப்பி, மூடியைத் திறந்து வைச்சு, தெரிஞ்ச ஆள் பக்கத்தில நிண்டாத்தான் சுடர் வைக்கலாம். ஒக்சிசன் சிலிண்டர் ரெகுலேற்றரில எண்ணெய்க் கை வைக்காதே. அசெற்றிலின் சிலிண்டரைப் படுக்க வைச்சுப் பாவிக்காதே. இந்த மூண்டையும் முதல் நாளே மனப்பாடம் பண்ணு.


சீனக்குடாப் பழசு
ஞாயிறு, காலை 7.45

பிள்ளை, நல்ல காலத்தில இறங்குறாய். இங்க சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொண்டும் 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டாங்க: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின்ட லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 ரெண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அவ்வளவையும் திருத்த வெளிக்கிட்டா தகடு ஒட்ட எத்தனை கை வேணும்! வெள்ளைக்காரன் கட்டினது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கும் மிஞ்சி நிக்குது. நம்மட பொடியன்கள்தான் அதைச் செய்ய வேணும் எண்டு எனக்கு ஆசை.


கிழக்குப் போதனாசிரியர்
ஞாயிறு, காலை 9.30

ஐயா, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அப்படியான வேலை வரும்போது கேற் ஒட்டின அனுபவத்தைச் சொல்லி உள்ளே போக முடியாது. தாங்கிச் சுவரில் நெடுக்குப் பொருத்தும் கிடைப் பொருத்தும் தனித்தனிச் சோதனை. எந்த றொட், எத்தனை அம்பியர், எத்தனை அடுக்கு என்று எழுதி வைத்திருப்பார்கள், அதன்படி ஒட்டிக் காட்டித் தேற வேண்டும். நானா கட்டாரில் பட்டது சீனக்குடாவிலும் நடக்கும். நம்மவர்கள் பூவரசம் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வெளியிலிருந்து ஆள் வரும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.


நிலாவெளிக் கணக்கக்கா
ஞாயிறு, மதியம் 1.10

நான் ஒட்டுறதில்லை. அப்பா நடத்தின கடையை ஆறு வருசமா நான் பாக்கிறன். விலை போடுறது, இரும்பு வாங்குறது, ஆள் எடுக்கிறது எல்லாம் என்ட பொறுப்பு. ஆள் எடுக்கிற பக்கத்தில இருந்து சொல்றன்.

புதுசா வாற பொடியனிட்ட நான் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் குடுப்பன். 12 மில்லிமீற்றர் கம்பி, 6 மீற்றர் நீளம், எத்தனை கிலோ? விட்டத்தை அதாலேயே பெருக்கி 162ஆல பிரிச்சா ஒரு மீற்றருக்கு எத்தனை கிலோ எண்டு வரும். 144ஐ 162ஆல பிரிச்சா 0.89, ஆறு மீற்றருக்கு 5.3 கிலோ. தகடு எண்டா ஒரு சதுர மீற்றருக்கு ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 7.85 கிலோ. நாலடி எட்டடி, 3 மில்லிமீற்றர் தகடு 70 கிலோ கிட்ட வரும், தனியாத் தூக்காதே எண்டும் அந்தக் கணக்கே சொல்லும். இதைப் பிடிச்ச பொடியன்தான் ரெண்டு வருசத்தில வாடிக்கையாளரோட நிண்டு பேசுவான். தொழில்நுட்பப் பிரிவு படிச்ச உங்களுக்கு இது சோறு தின்னுற மாதிரி.

இனிக் கடல். மட்டக்களப்புக்கும் இங்கைக்கும் பொது, ஆனா கண்டிக்காரருக்கு விளங்காது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில ஒரு ஹோட்டலுக்கு எவர்சில்வர் கைபிடி போட்டம், மூண்டு மாசத்தில மண்ணிறப் புள்ளி. சண்டைக்கு வந்தாங்க, வரத்தான் செய்வாங்க. எங்கட பிழை ரெண்டு. 304 எண்ட ரகம் வாங்கினம். கரையில 316 ரகம் வேணும், அதில மொலிப்டினம் ரெண்டு மூண்டு வீதம் இருக்கு, உப்புக்குத் தாங்குறது அதாலதான். ரெண்டாவது, சாதா இரும்பு தேய்ச்ச அதே டிஸ்க்கால எவர்சில்வரையும் தேய்ச்சிட்டாங்க. ஒட்டியிருந்த இரும்புத் தூள் உப்புக் காத்தில துருப்பிடிச்சிட்டு. காந்தம் வைச்சு 304ஐயும் 316ஐயும் பிரிக்கேலாது, ரெண்டிலயும் அநேகமாப் பிடிக்காது. வாங்கிற இடத்தில சான்றுக் கடிதம் கேக்க வேணும். இப்ப எங்கட கடையில எவர்சில்வருக்குத் தனி டிஸ்க், தனிப் பிறஷ், நீலப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கு. அந்தக் கைபிடி முழுவதையும் கழற்றி, எங்கட காசில திருப்பிப் போட்டுக் குடுத்தம். அப்பா இருந்திருந்தா அதைத்தான் செய்திருப்பார்.

பொம்பிளைப் பிள்ளைகளை எடுப்பீங்களா எண்டு ரெண்டு பேர் உள்பெட்டியில கேட்டிருக்கிறாங்க. எடுப்பன். வாங்கோ.


மூதூர்த் தம்பி
ஞாயிறு, மாலை 5.33

எந்தக் கடைக்குப் போனாலும் அடையாள அட்டையின்ட மூலத்தைக் குடுத்து வைக்காதீங்க. வெத்துக் கடதாசியில கையெழுத்து வைக்காதீங்க. எனக்கு நடந்தது, ஒன்டரை வருசம் அலைஞ்சன்.


உவர்மலைப் பொடியன்
நாலு கிழமை கழிச்சு, வெள்ளி இரவு 8.55

எல்லாருக்கும் சொல்ல வேண்டிய கடமை இருக்கு. கடையில சேர்ந்திட்டன். போதனாசிரியர் சேர் சொன்ன மாதிரி பாஸிட்டக் கேட்டன். முதல்ல முகம் சுளிச்சவர், பிறகு "சரி, போய்க் கேப்பம்" எண்டார். புதன்கிழமை ரெண்டு பேரும் மாவட்ட அலுவலகம் போனம். படிவம் நிரப்பிக் குடுத்தாச்சு. அவர்தான் வரிசையில எனக்கு முன்னால நிண்டவர்.

வேலை நானா சொன்னதுதான். துரு, வெட்டு, சிலாக். போன கிழமை பாஸ் இல்லாத நேரம் கழிவுத் துண்டு ரெண்டை எடுத்து, 6 மில்லிமீற்றர் தகடு, ஒண்டுக்கு மேல ஒண்டை நிமித்தி வைச்சு ஒரு பக்கம் மட்டும் ஒட்டினன். 6013 ரக றொட், பத்துக் கேஜ் தடிப்பு, 90 அம்பியர். வடிவா இருந்துது, சத்தியமா. படம் கூட எடுத்து அம்மாவுக்கு அனுப்பினனான். பிறகு நானா சொன்னது ஞாபகம் வந்து, வைஸில பூட்டிச் சுத்தியலால அடிச்சன். ரெண்டாவது அடிக்கே கழண்டு விழுந்திட்டு. கீழ்த் தகடு உருகவே இல்லை, மழையில நனையாத நிலம் மாதிரி அப்படியே கிடக்கு. நடுவில சிலாக் மாட்டிக் கறுப்பா ஒரு கோடு.

பாஸ் வந்து கண்டிட்டார். ஏசுவார் எண்டு நிண்டன். துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார், பிறகு தான் ஒட்டின துண்டு ஒண்டையும் வைஸில பூட்டச் சொன்னார். அவற்றது உடையேல்லை.


கிண்ணியா நானா
வெள்ளி, இரவு 9.30

மகன், இதை வாசிக்க எனக்குக் கண் கலங்கிட்டு. நான் பத்து வருசத்தில கண்டதை நீங்க நாலு கிழமையில கண்டிட்டீங்க. உங்கட பாஸும் நல்ல மனுசன்.

90 அம்பியர் அந்தத் தகட்டுக்குக் காணாது. 110, 115க்கு ஏத்துங்க. றொட்டை ரெண்டு தகட்டுக்கும் நடுவில சரி பாதியாச் சரிச்சு, மூலைக்குள்ளேயே முனையைப் பிடிங்க. சுடர் குட்டையா இருக்கணும், றொட்டின் தடிப்பை விட நீளக்கூடாது. இழுத்துக்கிட்டு ஓடாதீங்க. உருகின குளம் ரெண்டு தகட்டையும் நக்குதா என்டு பாத்துப் பாத்துப் போங்க. சிலாக் முன்னுக்கு ஓடி வந்தா நீங்க மெதுவாப் போறீங்க, இல்லாட்டிக் கோணம் பிழை.


சாம்பல்தீவான்
வெள்ளி, இரவு 10.15

நானும் இண்டைக்கு மூண்டு துண்டு ஒட்டி அடிச்சுப் பாத்தன். மூண்டில ஒண்டு உடைஞ்சிட்டு. சேர், அந்த முன்னைய கற்றல் விசயம், படிவம் எங்க எடுக்கிறது?


கிழக்குப் போதனாசிரியர்
சனி, காலை 7.05

அதே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள் தம்பி. செய்த வேலைகளின் படங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். உடைந்த துண்டையும் எறியாமல் வையுங்கள்.


உவர்மலைப் பொடியன்
அடுத்த கிழமை, வியாழன் இரவு 9.20

மூண்டு துண்டு ஒட்டினன். முதலாவது உடைஞ்சுது. ரெண்டாவதில பாதி பிடிச்சு, பாதி கழண்டுது. மூண்டாவது சுத்தியலுக்கு உடையேல்லை, தகடு தலை குனிஞ்சு படுத்திட்டு, ஒட்டு அப்படியே நிக்குது.


கிண்ணியா நானா
வியாழன், இரவு 9.41

எத்தனை அம்பியர்?


உவர்மலைப் பொடியன்
வியாழன், இரவு 9.43

115.


கிண்ணியா நானா
வியாழன், இரவு 9.58

சரி. இனித் துண்டை நட்டுக்கு நிமித்தி வைச்சு, கீழ இருந்து மேல ஒட்டுங்க. பத்து அம்பியர் குறைங்க. முதல் நாள் குளம் சொட்டி வடியும், பயப்படாதீங்க. அதையும் அடிச்சுப் பாத்து எழுதுங்க.